மோட்டார் நேரம்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. கூடத்தில் இருந்தவர்கள் அறுபத்தொரு பேர்: நம் கரைக்காரர்கள் முப்பத்து நான்கு, எதிர்க்கரைக்காரர்கள் இருபத்தேழு. நான்தான் எண்ணினேன். சுகம் விசாரிக்காமல் கணக்கைச் சொல்லித் தொடங்குகிறானே என்று திட்டாதே. இதோ விசாரிக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன், சளி மட்டும் விடவில்லை. உன் பல்வலி எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை உனக்கு முன்பே பிரித்துப் படிக்கப்போகும் சோதனைச் சாவடி அண்ணனுக்கும் வணக்கம். திரும்ப ஒட்டும்போது பசையைக் கொஞ்சம் குறைவாகத் தடவுங்கள், போன தடவை கடைசிப் பக்கம் கிழிந்துவிட்டது.

சலவைக் கடைக்குக் கீழே இருக்கும் கூடம் அது. மேலே மெஷின்கள் சுற்றும்போது கூரை அதிரும். ஊரைவிட்டு வந்து இத்தனை வருஷமாக இந்த அயல்நாட்டு ஊரிலும் நம் கரைக்காரர்கள் ஒரு பேக்கரிக்குப் போகிறார்கள், எதிர்க்கரைக்காரர்கள் இன்னொரு பேக்கரிக்குப் போகிறார்கள். அவர்களை ஒரே கூடத்துக்கு வரவைத்தது முடிவெட்டுகிற அண்ணன். எந்தக் கரைத் தலையானாலும் அவர் கத்தரிக்குக் குனிந்துதானே ஆகவேண்டும். வந்தார்கள். வந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று உட்கார்ந்து, நடுவில் ஒரு வரிசை நாற்காலியைக் காலியாக விட்டார்கள். ஆற்றைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கூட்டத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பழக்கம், தன் வாயை மூடத் தெரியாது. மனிதநேயம், ஒற்றுமை என்று அரை மணி நேரம். நான் எழுந்துவிட்டேன். "டாக்டர், சண்டையை மொத்தமா நிறுத்துறதைப் பத்தி அப்புறம் பேசலாம். ஒரு மோட்டார் ஓடுற நேரத்துக்கு நிறுத்த முடியுமா, அதைச் சொல்லுங்க."

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் கூடத்தில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டிருந்தது. கிணறும் பம்பும் நம் கரையில். கரண்ட் வருவது எதிர்க்கரையிலிருந்து. அவர்கள் கரண்டை நிறுத்தினால் நமக்குத் தண்ணீர் இல்லை, நாம் வால்வை மூடினால் அவர்களுக்கு இல்லை. நாலு வருஷமாக இரண்டு கரையும் சேர்ந்து தாகத்தில் கிடக்கிறது. மோட்டார் ஓட தினமும் இரண்டு மணி நேரம், அந்த நேரத்தில் ஒரு குண்டும் கூடாது. இரண்டு கரைத் தளபதிகளும் இங்கிருந்து போகிற பண உதவியில்தான் ஓடுகிறார்கள். இங்கே இருப்பவர்கள் ஒன்றாக முகத்தைத் திருப்பினால் அவர்கள் கேட்டுத்தான் தீரவேண்டும்.

முடிவு எடுக்கவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை.

நீ தண்ணீர் அலுவலகத்தில்தானே டைப் அடிக்கிறாய். மோட்டார் ரூம் என்ன நிலையில் இருக்கிறது என்று விசாரித்து எழுது. இங்கே நான் பெரிய கட்டடங்களின் அடித்தளத்தில் பம்புதான் பார்க்கிறேன், எனக்கு விவரம் கொடுத்தால் போதும்.

நீ இங்கே வருவதற்கான பேப்பர் எல்லாம் கொடுத்தாயிற்று. இரண்டாவது அறையைக் காலி செய்துவிட்டேன். இனி நீதான் பாக்கி.

தம்பி


மார்ச் 29

என் அவசரக்குடுக்கைக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பல்வலி போய்விட்டது, பல்லும் கூடவே போய்விட்டது. இப்போது சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்கிறேன், அதனால் ஆட்களுக்கு என்னைக் கொஞ்சம் வெட்கப்படுகிறவள் என்று எண்ணம். சளிக்கு ஆவி பிடி. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடாதே.

மோட்டார் ரூமைப் பற்றிக் கேட்டாய். பழைய ஆபரேட்டர் குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டார். கூரையில் இரண்டு மூன்று ஓட்டை. சாவி எங்கள் அலுவலகத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது வேறொருவர் பார்க்கிறார். வேலைக்குப் புதிது, கற்றுக்கொடுக்கவும் ஆள் இல்லை. கரண்ட் வரும் நாளில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறதாம், தண்ணீர் மட்டும் ஏறவில்லையாம். என்ன செய்யலாம் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். கோபப்படாமல் பதில் எழுது.

இரண்டாவது அறைக்கு ஜன்னல் இருக்கிறதா? இருந்தால் எதைப் பார்த்து? எனக்குக் கட்டில் ஜன்னல் ஓரமாக வேண்டும். இப்போதே சொல்லிவைக்கிறேன், அப்புறம் சண்டை போட வேண்டாம்.

இங்கே ஜன்னலுக்கெல்லாம் மணல் மூட்டை அடுக்கியாயிற்று. பகலிலும் விளக்குத் தேவைப்படுகிறது. விளக்கு இல்லை.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

சளி போயிற்று. ஆவி பிடித்தேன், பாத்திரத்தை அடியில் கருக்கினேன். ஜன்னல் இருக்கிறது. எதிரில் பஸ் டிப்போ. காலையில் பஸ்கள் வரிசையாக வெளியே போகும், சாயங்காலம் வரிசையாக உள்ளே வரும். வேறு காட்சி இல்லை. கட்டில் வாங்கி ஜன்னல் ஓரமாகத்தான் போட்டிருக்கிறேன்.

உங்கள் ஆபரேட்டரைப் பற்றி: அந்த ஆள் காலிப் பம்பை ஓட்டிக்கொண்டிருக்கிறார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பம்பின் தலையில் புனல் மாதிரி ஒரு வாய் இருக்கும். ஓட்டுவதற்கு முன்னால் அதில் தண்ணீர் ஊற்றச் சொல், குமிழ் வருவது நிற்கும்வரை. அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் குப்பை மாட்டியிருக்கும், எடுக்கச் சொல். வெளியே போகிற வால்வை மூடிவைத்து ஸ்டார்ட் செய்து, பிறகு மெதுவாகத் திறக்கச் சொல். மெதுவாக என்று இரண்டு தடவை சொல். இந்த மாதிரி ஆட்கள் வால்வைக் கண்டால் கழுத்தைப் பிடித்த மாதிரித் திருகுவார்கள்.

இரண்டாவது கூட்டமும் நடந்தது. எதிர்க்கரையிலிருந்து ஒரு டாக்சிக்காரர் வருகிறார். கட்டையான ஆள், பேச்சும் கட்டை. அவருக்கும் எனக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது.

"தம்பி, உங்க கிணறு, உங்க பம்பு. நாளைக்கு நீங்க வால்வை மூடினா நாங்க யார்கிட்ட போய் நிக்கிறது?"

"அண்ணே, உங்க கரண்ட். நாளைக்கு நீங்க சுவிட்சை அணைச்சா நாங்க?"

"அப்ப ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் மாட்டிக்கிட்டிருக்கோம்."

"அதைத்தான் நான் ஒரு மாசமா கத்துறேன்."

அவர் சிரித்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் நடுவில் காலியாக இருந்த வரிசையில் வந்து உட்கார்ந்து டீ குடித்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். டாக்டர் இதைத் தன் பேச்சின் பலன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

நலம். கை மட்டும் கொஞ்சம் காய்த்திருக்கிறது, டைப் அடிக்கும்போது விரல் வழுக்குகிறது. உனக்கு எப்படி? பாத்திரத்தைக் கருக்கினாய் என்றால் ஆவி பிடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறாய்.

தண்ணீர் ஏறிவிட்டது. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் முதலில் காற்றுச் சீறியது, பிறகு துருவும் சேறும், பிறகு தண்ணீர். உன் திட்டையெல்லாம் ஆபரேட்டருக்கு வாசித்துக் காட்டினேன். கழுத்தைத் திருகுவதைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் சிரித்தார். அதற்கு முன்னால் அப்படித்தான் திருகிக்கொண்டிருந்தாராம்.

எதிர்க்கரையில் ஒரு லைன்மேன் இருக்கிறான். பேச முடியாது, தூரம். நம் ஆபரேட்டர் மோட்டார் ரூம் கம்பியில் ஒரு போர்வையைக் காயப்போட்டால் அவன் கரண்டை விடுகிறான். எடுத்தால் நிறுத்துகிறான். ஒரு நாள் அவன் பக்கத்தில் ஒரு துண்டு காய்ந்தது. வராதே, இன்று ஆபத்து என்று அர்த்தம் என்று ஊகித்துப் போகவில்லையாம். ஊகம் சரிதான், அன்று நாள் பூராவும் சுட்டார்கள்.

ஒரு சந்தேகம். சில நாள் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடாமல் உறுமுகிறதாம். அப்போது என்ன செய்ய வேண்டும்?

பஸ்கள் வெளியே போவதும் உள்ளே வருவதும் போதும் எனக்கு. அதைவிட நல்ல காட்சி கேட்கவில்லை.

அக்கா


மே 24

அன்புள்ள அக்கா,

நலம், நல்ல சேதி. அதனால் விசாரிப்பு சுருக்கம்.

முதலில் உறுமல். கரண்ட் வருகிற மூன்று பேஸ் கம்பியில் ஒன்றில் கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். உடனே அணைக்கச் சொல். கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று நின்றால் மோட்டார் எரிந்துவிடும், எரிந்தால் அந்த ஊரில் அதற்கு மாற்று இல்லை. கண்ணைவிடக் காதை நம்பச் சொல்.

இனி நல்ல சேதி. ஒப்பந்தம் எழுதியாயிற்று. தினமும் மாலை நான்கு முதல் ஆறு வரை மோட்டார் நேரம். இரண்டு பக்கமும் சுடக்கூடாது. நிவாரண லாரியும் அந்த நேரத்தில்தான் வரும், போகும். ஓராண்டுக்கு. எட்டு நிபந்தனை, டைப் அடித்தது நான். ஏழாவதுக்குத்தான் பெரிய ரகளை. டாக்டர், "ஒரு நாள் நம்ம ஆள், ஒரு நாள் அவங்க ஆள் ஓட்டட்டும்" என்றார். எதிர்க்கரையிலிருந்து ஒருவர், "எங்க ஆள் கூடவே நிக்கணும்" என்றார். நான் நாற்காலி மேல் ஏறாத குறை.

"ஒரு சுவிட்சுல ரெண்டு கை வெச்சா ஒரு வாரத்துல மோட்டார் போயிடும். மோட்டார் போனதும், நீ கெடுத்தே, நான் கெடுத்தேன்னு மறுபடி சுடுவாங்க. இப்ப ஒரு ஆள் இருக்காரு. யார் சொல்லியும் வரல. ரெண்டு கரைக்கும் தண்ணி விடுறாரு. அவரை மாத்தாதீங்க. அவர்தான் உங்க ஒப்பந்தமே."

டாக்சிக்காரர் முதலில் கை தூக்கினார். பிறகு எல்லோரும். ஏழாவது நிபந்தனை இப்படி இருக்கிறது: "இப்போதுள்ள ஆபரேட்டரே ஓராண்டும் இருப்பார். அவர் விலகினால் ஒப்பந்தம் விலகும்." என் வாழ்க்கையில் நான் எழுதியதில் இதுதான் சுத்தமான வாக்கியம். அடித்தல் திருத்தல் இல்லை.

அடுத்தது இன்னும் நல்ல சேதி. உன் அனுமதி வந்துவிட்டது. செப்டம்பர் கடைசிக்குள் நீ இங்கே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி செத்துவிடும். செப்டம்பர் 14க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நிவாரண லாரியில் எல்லை வரை வா. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாம் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. உன் குரல் எப்படி இருக்கும் என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். சொற்கள் ஞாபகம் வந்தன, குரல் வரவில்லை. சரி, அதை விடு.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், ஆனால் என்ன சாப்பிடுகிறாய் என்று எழுதவில்லை.

டிக்கெட் கிடைத்தது. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தைத் தண்ணீர் அலுவலக வாசலில் வைத்து உரக்க வாசித்தார்கள். எல்லோருக்கும் திருப்தி. ஆபரேட்டரும் இருந்தார். ஏழாவதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. ஒரு வேளை அந்த ஆபரேட்டருக்கு வேறு வழியில்லாமல் போக வேண்டி வந்தால்? வேறொருவருக்கு ஒரு மாதம் வேலை கற்றுக்கொடுத்துவிட்டுப் போகலாமா? நிபந்தனையில் ஒரு சொல் மாற்றினால் போதுமே.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்கா,

நலம். ரொட்டி, முட்டை, சோறு, திரும்பவும் ரொட்டி. போதுமா?

மாற்ற முடியாது. யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒரு சொல்லைத் தொட்டால் எட்டு நிபந்தனையையும் திரும்பத் திறப்பார்கள். இரண்டு தளபதிகளும் அதற்காகவே காத்திருக்கிறார்கள். எதிர்க்கரையில் புதிய ஆள் வேண்டாம் என்கிறார்கள், அந்தப் போர்வையைத்தான் நம்புகிறார்கள்.

அந்த ஆளுக்கு அப்படி என்ன தலை போகிற காரியம்? கல்யாணமா? தள்ளிப்போடச் சொல். பயமா? பயப்படாதவர் யார்? இரண்டு கரையின் வாயிலும் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு, எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்ல ஒரு மனிதனுக்கு மனசு வருமா? ஒரு வருஷம் அவர் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? நான் சொன்னேன் என்றே சொல். நேரில் இருந்தால் நானே சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

நீ அவருக்காகப் பரிந்து பேசாதே. உன் பெட்டியைக் கட்டு. இருபது கிலோவுக்கு மேல் கூடாது. அந்த இரும்பு வாணலியைக் கொண்டுவர வேண்டாம், இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

தம்பி


ஜூலை 22

தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இரு.

மோட்டார் நேரம் தொடங்கிவிட்டது. முதல் நாள் நான்கு மணி அடித்ததும் யாரும் வெளியே வரவில்லை. ஒப்பந்தத்தை நம்பி முதலில் தலையை நீட்ட யாருக்கு மனசு வரும்? மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்க்கரையிலும் அப்படியே. நாலு வருஷத்தில் அந்தக் கரையில் ஆட்களை அன்றுதான் பார்த்தேன். அவர்களும் நம்மைப் போலவே குடத்தை இடுப்பில் வைக்கிறார்கள். ஒருத்தி குழந்தையைக் குழாயடியில் நிறுத்தித் தலை தேய்த்தாள். அது வீரிட்டு அழுதது. ஆற்றைத் தாண்டி அந்த அழுகை தெளிவாகக் கேட்டது. நம் பக்கத்தில் ஒரு கிழவர், "சோப்பு கண்ல போயிடுச்சு போல" என்றார். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தோம் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆறு மணிக்கு மோட்டார் நின்றது. கதவுகள் மூடின. கொஞ்ச நேரம் கழித்து முதல் குண்டுச் சத்தம் கேட்டது.

மறுநாளும் நான்கு மணி வந்தது. அதற்கு அடுத்த நாளும்.

உன் பேச்சை ஆபரேட்டரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இருப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்கா


ஆகஸ்ட் 13

அக்கா,

நலம் எல்லாம் விசாரிக்கப்போவதில்லை.

நான்கு நாள் முன்பு கூட்டம் முடிந்து டாக்சிக்கார அண்ணன் என்னை வீட்டில் இறக்கிவிட்டார். சிக்னலில் நிற்கும்போது சொன்னார்: "எங்க தம்பிதான் அங்க லைன்மேன். உங்க மோட்டாருக்குக் கரண்ட் விடுறது அவன்தான். உங்க ஆபரேட்டரம்மாவைப் பத்தி எழுதியிருக்கான். தங்கமான மனுஷியாம்."

"அம்மாவா?"

"ஆமா. உனக்குத் தெரியாதா? தண்ணி ஆபீசுல டைப் அடிக்கிற பொண்ணாம். ஆள் யாரும் கிடைக்காம தானே சாவியை எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. கூரையில குண்டு விழுற இடத்துல ஒத்தையா நின்னு ஓட்டுதாம். பாவம், யார் பெத்த பிள்ளையோ."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வண்டியை எடுக்கவில்லை.

அந்த அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள் ஒருத்திதான்.

அந்த ஆளை எத்தனை திட்டு திட்டினேன். சட்டையைப் பிடித்துக் கேட்பேன் என்று எழுதினேன். நீ உட்கார்ந்து படித்திருக்கிறாய். படித்துவிட்டு, ஆபரேட்டர் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கே பதில் எழுதியிருக்கிறாய். என்ன பெண் நீ.

உடனே அவசரக் கூட்டம் போடச் சொன்னேன். ஏழாவது நிபந்தனையை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தேன். முடிவெட்டுகிற அண்ணன் கேட்டார்: "நீ எழுதினதுதானேப்பா?"

"நான் எழுதினதுதான். நானே எடுக்கச் சொல்றேன்."

"ஏன்னு சொல்லு."

சொன்னேன். மேலே மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர்கூடப் பேசவில்லை. கடைசியில் டாக்சிக்காரர்: "எங்க அம்மாவுக்கு எழுபது வயசு. இந்த மாசம்தான் தலைக்குத் தண்ணி ஊத்திக் குளிச்சிருக்கா. எடுக்கணும்னா எடு தம்பி. நான் தடுக்க மாட்டேன். கை தூக்கவும் என்னால முடியாது."

அவர் என்னைத் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

தீர்மானத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. ஒத்திப்போட்டிருக்கிறார்கள், உன் பதில் வரும்வரை. வருகிறேன் என்று ஒரு வரி எழுது. மோட்டார் எரியட்டும், ஒப்பந்தம் எரியட்டும், என்னை இந்த ஊரில் எவனும் மதிக்காமல் போகட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன். செப்டம்பர் 14. நீ வா.

தம்பி


செப்டம்பர் 20

என் தம்பிக்கு,

எனக்கு உடம்பு சுகம். உனக்கு இருக்காது என்று தெரியும். அதனால் முதலில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து இதைப் படி.

பதினான்காம் தேதி போய்விட்டது. உன் கடிதம் அதற்கு மூன்று நாள் முன்னாலேயே வந்தது. வேண்டுமென்றேதான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்திருந்தால் வருகிறேன் என்று எழுதியிருப்பேன்.

முதலில் ஏன் சொல்லவில்லை? நீ பயப்படுவாய் என்றுதான். சாவி ஆணியில் தொங்கியது. தினமும் அதன் கீழே உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வருகிற மனுக்களை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டைப் அடிக்க முடியவில்லை, எழுந்து எடுத்தேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. பிறகு உன் நிபந்தனை வந்தது. அதை வாசித்தபோது கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு சொல்லை மாற்றச் சொல்லி உனக்கு எழுதினேன், நீ மாட்டேன் என்றாய். நீ சொன்ன காரணம் சரி. எவ்வளவு யோசித்தும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கஷ்டம்.

என்னைத் தியாகி என்று நினைக்காதே, எனக்கு அது பிடிக்காது. நான் பெட்டி கட்டினேன். நீ வேண்டாம் என்ற வாணலியையும் வைத்தேன். எடை பார்க்கத் தராசு இல்லாததால் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். முந்தின நாளே வந்திருந்த லாரி பதினான்காம் தேதி வாசலில் நின்றது. டிரைவர், "அம்மா, வர்றீங்களா?" என்று கேட்டார். மணி நான்காகப் போகிறது, போர்வை போடாவிட்டால் எதிர்க்கரையில் அந்தப் பையன் பயந்துவிடுவானே என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. "அடுத்த தடவை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மோட்டார் ஓடும்போது அழுதால் யாருக்கும் கேட்காது. அது ஒரு வசதி.

நானும் உன் குரலை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு வருகிறது. நீ சாப்பாட்டுக்குக் கத்துவதுதான் வருகிறது, வேறு ஒன்றும் வரவில்லை.

தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிடு.

இன்னொரு விஷயம். கொஞ்ச நாளாகத் தண்ணீர் மேட்டுத் தெருவுக்கு ஏறவில்லை. மோட்டார் நன்றாகத்தான் சுற்றுகிறது. பம்பைத் திறந்து பார்த்தேன், உள்ளே சுற்றுகிற சக்கரம் மணலில் தேய்ந்து விளிம்பு பிளேடு மாதிரி ஆகிவிட்டது. புதிதாக மாட்ட வேண்டும், எனக்குத் தெரியாத வேலை. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் வெளியிலிருந்து ஒரு மெக்கானிக் நிவாரண லாரியில் வந்து, மோட்டார் நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டு, அதே லாரியில் திரும்பிவிடலாமாம். நல்ல மெக்கானிக் யாராவது தெரிந்தால் சொல். கொஞ்சம் அவசரக்காரராக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்கா,

முகம் கழுவிக்கொண்டுதான் படித்தேன். படித்துவிட்டு இன்னொரு தடவை கழுவ வேண்டி வந்தது. இப்போது சுகம்.

மெக்கானிக் கிடைத்துவிட்டான். நம் கரை கையெழுத்துப் போட்டுவிட்டது. எதிர்க்கரைதான் இழுத்தது. நம் பக்கத்து இளவட்டம் ஒருவனை உள்ளே விட அவர்களுக்குப் பயம். டாக்சிக்கார அண்ணன் தன் ஆட்களிடம் நாலு நாள் நடையாக நடந்தார். "அவன் வாய்தான் நீளம், கை சுத்தம்" என்று எனக்கு நற்சான்று கொடுத்தாராம். நேற்று ஒப்புதல் வந்தது. நவம்பர் 2, மாலை நான்கு மணி லாரி. ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகிவிடும். அந்த நிபந்தனையை யார் எழுதியது என்று கேட்காதே.

கட்டில் அப்படியே இருக்கிறது. அனுமதி செத்துவிட்டது, திரும்ப விண்ணப்பித்திருக்கிறேன். கட்டாயப்படுத்த வேண்டாம் என்று நீ எழுதுவாய். கட்டாயம் இல்லை. விண்ணப்பம் மட்டும்தான்.

இனிச் செய்யப்போவது:

1. வியாழக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானத்தை வாபஸ் வாங்குவேன். டாக்டர் அதைப் பாராட்டி அரை மணி நேரம் பேசினாலும் குறுக்கே பேச மாட்டேன்.

2. அடுத்த ஆண்டுக்கான ஏழாவது நிபந்தனையை டாக்சிக்கார அண்ணனோடு உட்கார்ந்து எழுதுவேன். கரைக்கு ஒருவராக இரண்டு பேர், இருவரும் உன்னிடம் வேலை பழகியவர்கள். ஒரு சுவிட்சில் இரண்டு கை கூடாது என்று கத்தியவன் நான்தான். ஒரே ஆளிடம் பழகிய இரண்டு கை என்றால் ஓடும் என்று இப்போது தோன்றுகிறது.

3. புதுச் சக்கரம், பேக்கிங் கயிறு, ஸ்பேனர் செட், உன் மிச்சப் பற்களுக்கு டாக்டர் இலவசமாகக் கொடுத்த மருந்து ஆகியவற்றை மூட்டை கட்டுவேன். இருபது கிலோவுக்கு மேல் போகும். போகட்டும்.

4. இங்கே அடித்தளத்தில் இருக்கும் அதே மாதிரிப் பம்பைக் கழற்றி மாட்டிப் பழகுவேன். இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. அதைப் பாதியாக்கினால் மிச்ச நேரம் நமக்கு.

5. அந்த மிச்ச நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். நீ பேசு. யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். சத்தத்தில் எனக்குக் கேட்காது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசு.

6. ஆறு மணிக்கு லாரியில் ஏறுவேன். மேலே உள்ள ஐந்தையும் கண்டிப்பாகச் செய்வேன். இந்த ஆறாவதையும் செய்வேன் என்று எழுதிவிட்டேன், கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை.